அப்பாவின் பில்லர் டிரில்லிங் மெஷின்: ஓட்டை பெரிதாகிறது, சக் கழன்று விழுகிறது

1. கோவைப் பட்டறை

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோவை கணபதி பகுதியில் அப்பா நடத்திய சின்னப் பட்டறை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதில் 25 மி.மீ. பில்லர் டிரில்லிங் மெஷின் ஒன்று. நான் பள்ளிக்கூடம் போகும்போதே அது இருந்தது. தலைப்பகுதி, டேபிள், அடிப்பாகம் எல்லாமே வார்ப்பிரும்பு. பிட்டைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் எம்டி 3 டேப்பர் (மோர்ஸ் டேப்பர் என்கிற கூம்புக் குழி, 3-ஆம் அளவு). முதலில் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருந்தது. பட்டறையை வீட்டுப் பக்கம் மாற்றியபோது அப்பா 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் போட்டார்.

இப்போது உள்ள கோளாறுகள்:

12 மி.மீ. பிட்டில் போட்டால் ஓட்டை 12.4 வருகிறது. சென்டர் பன்ச் அடித்திருந்தாலும் பிட்டு முதலில் ஒரு வட்டம் அலைந்துவிட்டுத்தான் உட்காருகிறது. ஓட்டை அடிப்பக்கம் துளைத்து வெளிவரும் நேரத்தில் சக் (பிட்டைப் பிடிக்கும் தலை) ஆர்பரோடு (சக்கை ஸ்பிண்டிலில் மாட்டும் கூம்புத் தண்டு) சேர்ந்து கழன்று விழுகிறது. போன வாரம் இரண்டு தடவை விழுந்தது, ஒரு தடவை என் கைக்குப் பக்கத்தில். சும்மா ஓடும்போது கடகடவென்று சத்தம். கைப்பிடியை விட்டால் ஸ்லீவ் (ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் குழாய்) மேலே ஏறுவதில்லை, நான்தான் தூக்கிவிட வேண்டும். சில நாள் காலையில் சுவிட்ச் போட்டால் மோட்டார் உறுமுகிறது, சுற்றுவதில்லை. புல்லியைக் கையால் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குகிறது.

பார்க்க வந்த ஒருவர் எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்க.

2. லேத்துக்காரர்

பேரிங் போயிருக்கும். ஸ்பிண்டிலைக் கழற்றி மேலும் கீழும் உள்ள பேரிங், த்ரஸ்ட் பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஓட்டை பெரிதாக வருகிறது, சத்தம் வருகிறது என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஒரு நாள் வேலை.

3. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

தம்பி, இப்போதைக்கு எதையும் கழற்றாதீர்கள். ஐடிஐ-யில் 20 வருடத்துக்கு மேல் ஃபிட்டர் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நல்ல பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, கழற்றியதாலேயே கெடுத்த மெஷின்களை நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது ஆறு கோளாறு. ஆறுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மோட்டாரில் தொடங்கி பிட்டு முனை வரைக்கும் ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பில் ஆட்டம் தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

முதலில் பெல்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். சத்தம் இருந்தால் அது மோட்டாருடையது. இல்லையென்றால் மோட்டார் பேரிங் கணக்கில் இல்லை. அடுத்து, பெல்ட் இல்லாத நிலையிலேயே ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கெட்ட பேரிங் கையிலேயே தெரியும். மணல் அரைபடுகிற மாதிரி நறநறவென்று இருக்கும், இல்லையென்றால் ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து விடும். வழுவழுவென்று சுற்றினால் அதைத் தொட வேண்டாம்.

பிறகு டயல், அதாவது நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுக் கருவி. சாதாரண டயலின் முனை டேப்பருக்குள் நுழையாது, லீவர் டயல் வேண்டும். ஸ்பிண்டிலின் பக்கத்தில் உள்ள துவாரத்தில் ஆப்பு போட்டு சக்கையும் ஆர்பரையும் இறக்குங்கள். ஸ்பிண்டிலின் உள் டேப்பரை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மேக்னடிக் ஸ்டாண்டை டேபிளில் வைத்து, டயல் முனையை வாய்ப்பகுதியின் உள்சுவரில் தொடவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அது முதல் எண். ஆர்பரைத் திரும்ப ஏற்றி, ஸ்பிண்டிலுக்கு ஒட்டிக் கீழே ஆர்பரின் மேல் வைத்து எடுப்பது இரண்டாவது எண். சக்கில் கிரைண்டிங் செய்த நேரான உருளைக் கம்பி (பின்) ஒன்றைப் பிடித்து, 100 மி.மீ. கீழே எடுப்பது மூன்றாவது. கடைசியாக, ஸ்லீவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் கையால் தள்ளி இழுத்தால் டயல் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள், அது நான்காவது.

நான்கு எண்ணும் வரட்டும், அப்புறம் பேசலாம். இன்னொன்று, அந்த 12 மி.மீ. பிட்டு கையால் தீட்டியதா? ஒரு உதடு (வெட்டும் விளிம்பு) நீளமாகவும் மற்றது குட்டையாகவும் தீட்டியிருந்தால் குறையே இல்லாத மெஷினிலும் ஓட்டை பெரிதாகத்தான் வரும். புதுப் பிட்டில் ஒரு ஓட்டை போட்டு அளந்து சொல்லுங்கள்.

4. மரவேலை ஆர்வலர்

ஐயா, என்னிடம் டேபிளில் வைக்கிற சின்ன டிரில் பிரஸ் இருக்கிறது. அதிலும் ஆட்டம் உண்டு. டயல் இல்லாதவர்கள் என்ன செய்வது?

5. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

சக்கில் நேரான 10 மி.மீ. கம்பி ஒன்றைப் பிடியுங்கள். டேபிளில் ஒரு கட்டையை வைத்து, அதில் ஆக்ஸா பிளேடு ஒன்றைக் கட்டி, முனை கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி நெருக்குங்கள். சக்கைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் உரசி மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜ் விட்டு அளக்கலாம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தெரியாது, பத்தில் ஒரு பங்கு தெரியும். மரவேலைக்கு அது போதும்.

6. வைண்டிங் கடை

மோட்டார் விஷயத்துக்கு நான் வரேன். கையால தள்ளிவிட்டா ஓடுது, இல்லைன்னா உறுமுதுன்னா ரன்னிங் வைண்டிங் நல்லா இருக்கு. ஸ்டார்ட்டிங் பக்கம் கரண்ட் போகலை. கண்டன்சர், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச், ஸ்டார்ட்டிங் வைண்டிங், இந்த மூணுல ஒண்ணுதான். சில நாள் மட்டும் வருதுன்னு சொல்றதால எனக்கு சுவிட்ச் மேலதான் சந்தேகம்.

மோட்டாரை ஆஃப் பண்ணி, வேகம் குறையறப்ப காது கொடுத்துக் கேளுங்க. நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி 'டக்'னு ஒரு சத்தம் வரணும். அதுதான் சுவிட்ச் திரும்ப ஒட்டற சத்தம். வரலைன்னா பாயின்ட் விலகியே நிக்குது. மோட்டார் முழு வேகத்துல முக்கால் பங்கு வந்ததும் இந்த சுவிட்ச் விலகி ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைக் கழட்டி விடணும், நின்னதும் திரும்ப ஒட்டணும். விலகாம ஒட்டிக்கிட்டே இருந்தா வைண்டிங் கருகிடும், விலகியே இருந்தா உறுமும்.

பின்பக்க மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி லைனைச் சுத்தமா எடுத்துடுங்க. கண்டன்சர்ல சார்ஜ் நிக்கும். ஹோல்டரோட ஒரு குண்டு பல்பு எடுத்து ரெண்டு முனையிலயும் ஒயரைத் தொட்டு இறக்கிட்டு அப்புறம் கை வைங்க. ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்க வைக்கிற பழக்கம் வேண்டாம், பொறி தெறிச்சு கண்ணுக்கு வரும். பாயின்ட் கறுத்திருந்தா நைஸ் எமரித்தாளால மெதுவா தேய்ச்சு, தூசியை ஊதிவிடுங்க. கண்டன்சர் மாத்தறதா இருந்தா மேல போட்டிருக்கற மைக்ரோ ஃபாரட், வோல்ட் ரெண்டும் அப்படியே இருக்கணும்.

உறுமும்போது சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. அந்த நேரத்துல பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

7. கோவைப் பட்டறை

ஞாயிற்றுக்கிழமை முழுசும் இதுதாங்க வேலை. வரிசையாகச் சொல்கிறேன்.

மோட்டார் தனியாக ஓடினால் சத்தமே இல்லை. வைண்டிங் கடை அண்ணன் சொன்ன 'டக்' ஒரு தடவை வந்தது, ஒரு தடவை வரவில்லை. திறந்து பார்த்தால் சுவிட்ச் பாயின்ட் இரண்டும் கரியாகக் கிடந்தன, பக்கத்தில் வார்ப்பிரும்புத் தூள் படிந்திருந்தது. தேய்த்து, தூசி ஊதி, மூடினேன். இருபது தடவைக்கு மேல் போட்டு அணைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட உறுமவில்லை. நன்றிங்கண்ணா.

பெல்ட் இல்லாமல் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி போகிறது. நறநறப்பு இல்லை.

பக்கத்துப் பட்டறையில் லீவர் டயல் இரவல் வாங்கினேன். ஸ்பிண்டில் உள் டேப்பரின் வாயில் 0.02 மி.மீ. ஸ்பிண்டிலுக்கு ஒட்டி ஆர்பரில் 0.08. சக்கில் பின் பிடித்து 100 மி.மீ. கீழே 0.38. ஸ்லீவ் பக்கவாட்டு ஆட்டம் 0.06.

புதுப் பிட்டில் 12.3 வந்தது. அப்படியென்றால் பிட்டு மட்டும் காரணமில்லை.

8. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

நல்ல வேலை. பேரிங் கடைக்குப் போகாதீர்கள். டேப்பர் வாயில் 0.02 என்றால் ஸ்பிண்டிலும் கீழ்ப் பேரிங்கும் ஆரோக்கியமாக இருக்கின்றன. இந்த வயது மெஷினுக்கு அது நல்ல எண்.

0.02 என்பது ஆர்பரில் 0.08 ஆகி, கீழே 0.38 ஆகிறதைக் கவனியுங்கள். கீழே போகப் போக வளர்கிறது. ஆர்பர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கமாகத் தள்ளி நின்றிருந்தால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே எண் வந்திருக்கும்.

இனி, சாய்வு ஸ்பிண்டில் குழியாலா, ஆர்பராலா, சக்காலா என்று பிரிக்க வேண்டும். ஸ்பிண்டிலின் வெளிப்பக்கம் மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள், ஆர்பரில் அதற்கு நேராக ஒரு கோடு. சக்கிலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பின்னில் டயல் அதிகமாகக் காட்டும் இடம் எந்தக் கோட்டுப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆர்பரை இறக்கி அரைச் சுற்றுத் திருப்பி ஏற்றுங்கள். எம்டி ஆர்பரின் வால் ஆப்புத் துவாரத்தில் இரண்டு விதமாக மட்டுமே உட்காரும், அதனால் சரியாக அரைச் சுற்றுத்தான் வரும். மறுபடி அளவெடுங்கள். அதிகக் காட்டும் இடம் ஸ்பிண்டில் கோட்டுப் பக்கமே நின்றால் குழியில் கோளாறு. ஆர்பரோடு சேர்ந்து திரும்பினால் ஆர்பரில் அல்லது சக்கில்.

9. கிரில் கேட் வேலை

இதுக்கு இவ்வளவு சிரமம் எதுக்கு? ஆர்பர்ல ஒரு சுத்து பேப்பர் சுத்தி ஏத்துங்க, கெட்டியா பிடிச்சுக்கும். நாங்க அப்படித்தான் ஓட்டறோம். எங்க பக்கம் ஒரு பட்டறையில ஆர்பரை ஸ்பிண்டிலோட வெல்டிங் ஒரு புள்ளி வச்சிட்டாங்க, விழறதே இல்லை.

10. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை வலுவாக மறுக்க வேண்டியிருக்கிறது. கை போகிற விஷயம்.

மோர்ஸ் டேப்பர் ஏறக்குறைய 20-க்கு 1 சரிவு உள்ளது. எம்டி 3-இன் பெரிய முனை 23.825 மி.மீ. சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் எஃகோடு எஃகு முழு நீளத்துக்கும் ஒட்டி, உராய்விலேயே பிடித்துக்கொள்கிறது. கீழிருந்து அழுத்தம் வரவர இன்னும் இறுகும். மேலே உள்ள வால் முக்கியமாக ஆப்பு வைத்து இறக்குவதற்குத்தான். திருகுவிசையைத் தாங்குவது டேப்பரின் பிடிமானம். அந்த முழுத் தொடர்பு இருந்தால் மட்டுமே பிடிமானம் இருக்கும். காகிதம் சுற்றினால் ஒரு பக்கம் இரண்டு மடிப்பு, மறுபக்கம் ஒரு மடிப்பு. ஆர்பர் இன்னும் சாயும். எண்ணெய் ஊறினால் காகிதம் வழுக்கும். பிட்டு சிக்கும் நேரத்தில் ஆர்பர் குழிக்குள்ளேயே சுழன்று இரண்டு பரப்பையும் கீறிவிடும். அப்படி ஒரு தடவை கீறிய குழி பிறகு எந்த ஆர்பரையும் நேராகப் பிடிக்காது.

வெல்டிங் வைத்தால், சக் இல்லாமல் நேராகக் குழியில் ஏறும் டேப்பர் ஷேங்க் பிட்டுகளை அந்த மெஷினில் இனி ஒருபோதும் போட முடியாது. சூட்டில் ஸ்பிண்டில் வளையும், பக்கத்திலுள்ள பேரிங்கின் கிரீஸ் உருகி ஓடும். வெல்டிங் கரண்டு பேரிங் குண்டுகள் வழியாகப் பாய்ந்தால் ஓடுபாதையில் குழி விழும்.

எம்டி என்பதில் உள்ள மோர்ஸ், இன்று நாம் பிடிக்கும் முறுக்கு பிட்டுக்கு 1863-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர். அவர் பெயரில் நிற்கும் இந்தச் சரிவை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பட்டறைகள் நம்புகின்றன. சுத்தமாக வைத்தால் அது நம்மைக் கைவிடாது.

11. கோவைப் பட்டறை

அரைச் சுற்றுச் சோதனை செய்தேனுங்க. அதிகக் காட்டும் இடம் ஸ்பிண்டில் கோட்டுப் பக்கமே நின்றது. எண் மட்டும் 0.38-இலிருந்து 0.33 ஆனது.

அப்புறம் மார்க்கிங் புளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீலச் சாயம்) வாங்கி வந்து ஆர்பரில் மெல்லிசாகத் தேய்த்து, குழிக்குள் ஏற்றி, லேசாகத் திருப்பி இறக்கிப் பார்த்தேன். வாய்ப்பக்கம் ஒரு வளையமாக நீலம் துடைபட்டிருக்கிறது. மேலே ஆப்புத் துவாரத்துக்குக் கீழே ஒரே ஒரு பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி. நடுவில் எதுவும் படவே இல்லை.

செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். விரல் விட்டுத் தடவினால் தெரிகிறது: ஆப்புத் துவாரத்தின் கீழ் விளிம்பில் பிசிறு உள்பக்கமாக எழும்பி நிற்கிறது. அதற்குக் கீழே சுற்றிலும் கீறல். அப்பா காலத்தில் வேலைக்கு இருந்தவர்கள் ஆப்புக்குப் பதில் உளியையும் உடைந்த ஃபைலையும் வைத்து அடிப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அந்த அடிதான் இது என்று நினைக்கிறேன். ஆர்பரிலும் அதே உயரத்தில் கீறல் வளையம் இருக்கிறது.

இத்தனை வருடம் இந்தப் பிசிறின் மேல்தான் ஆர்பர் நின்றிருக்கிறது.

12. லேத்துக்காரர்

பேரிங் என்று அவசரப்பட்டுச் சொன்னது நான்தான். அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது. கேட்டிருந்தால் இவர் நல்ல பேரிங்கை எடுத்து எறிந்திருப்பார்.

என்னிடம் எம்டி 3 ஃபினிஷிங் ரீமர் (குழியின் உள்சுவரை மெல்லிசாகச் சீவும் பல் கருவி) இருக்கிறது. அவினாசி ரோட்டுப் பக்கம்தான் என் பட்டறை, தருகிறேன். ஆனால் மெஷின் ஓட்டத்தில் போடவே கூடாது. லைன் எடுத்துவிட்டு, பெல்டைக் கழற்றிவிட்டு, கையால்தான்.

முதலில் பிசிறை அரைவட்ட நீடில் ஃபைலால் இறக்கிவிடுங்கள், ரீமர் அதில் முட்டினால் பல் உடையும். குழியில் துகள் இல்லாமல் துடையுங்கள். ரீமரில் எண்ணெய் தடவி மெதுவாக ஏற்றி, கடிகாரம் சுற்றும் பக்கமாக மட்டும் திருப்புங்கள். எடுக்கும்போதும் அதே பக்கம் சுற்றிக்கொண்டே கீழே இழுக்க வேண்டும். பின்பக்கம் திருப்பினால் பல் மழுங்கி, குழியும் கீறிப்போகும். இரண்டு மூன்று சுற்று, வெளியே எடு, துடை, நீலம் தேய்த்துப் பார். கீறல் முழுக்க மறையும்வரை அரைக்க ஆசைப்பட வேண்டாம். மேடு போனால் போதும், பள்ளம் இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளம் ஆர்பரைச் சாய்க்காது, மேடுதான் சாய்க்கும். அதிகம் எடுத்தால் ஆர்பர் உள்ளே போய்விடும், பிறகு ஆப்பு வைக்க இடம் இருக்காது.

பழைய ஆர்பரைத் திரும்பப் போடாதீர்கள். கீறல் விழுந்த ஆர்பர் சரியான குழியையும் கெடுத்துவிடும்.

13. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

லேத்துக்காரத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சக்கை ஆர்பரோடு ஏற்றும்போது தாடைகளை உள்ளே இழுத்துவிட்டு, மரக்கட்டை வைத்து ஒரே ஒரு தட்டு. தாடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தால் அடி தாடைகளில் விழுந்து சக் கெட்டுப்போகும்.

14. கோவைப் பட்டறை

இரண்டு நாள் பொறுமையாகச் செய்தேன். ரீமர் கொடுத்த அண்ணன் நேரிலேயே வந்து பக்கத்தில் நின்றார். நான்கு தடவை ஏற்றி இறக்கியதில் நீலம் முக்கால்வாசி நீளத்துக்கு ஒரே சீராகப் படிகிறது. புது ஆர்பர் போட்டேன், சக் பழையதுதான்.

ஆர்பரில் 0.03. 100 மி.மீ. கீழே பின்னில் 0.09. புதுப் பிட்டில் 12 மி.மீ. ஓட்டை 12.1 வருகிறது. பிட்டு அலையாமல் பன்ச் குழியில் நேராக உட்காருகிறது. 10 மி.மீ. பிளேட்டில் தொடர்ந்து முப்பது ஓட்டை போட்டேன், சக் ஒரு தடவைகூட இறங்கவில்லை. முதல் ஓட்டை முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேனுங்க. அப்பா இருந்திருந்தால் முதலில் டயலைத்தான் பார்த்திருப்பார்.

மிச்சம் இருப்பது கடகட சத்தமும், ஸ்லீவ் ஏறாததும்.

15. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

இப்போது சத்தம். சும்மா ஓடும்போது வந்து, பிட்டு வெட்டத் தொடங்கியதும் அடங்குகிறதா? அப்படியென்றால் ஸ்பிண்டிலின் மேல்பகுதி. அங்கே ஸ்ப்லைன் பற்கள் இருக்கும், அவை மேல் புல்லியின் புஷ்ஷுக்குள் ஏறி இறங்கும். ஸ்லீவ் கீழே வர வேண்டும், சுழற்சியும் தொடர வேண்டும் என்பதற்காக உள்ள அமைப்பு அது. பற்கள் தேய்ந்தால் இடைவெளி வரும். லோடு இல்லாதபோது பல் முன்னும் பின்னும் மோதிக்கொள்ளும். லோடு வந்தால் ஒரே பக்கமாக அழுந்திக்கொண்டு அமைதியாகிவிடும்.

லைன் எடுத்துவிட்டுச் சக்கை ஒரு கையால் அசையாமல் பிடித்து, புல்லியை மறு கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். சக் அசையாமல் புல்லி எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் தேய்மானம். சின்னதாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவிக் கெட்டியான கிரீஸ் வையுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ஓட்டையின் அளவுக்கும் இந்தச் சத்தத்துக்கும் தொடர்பில்லை. விரலளவு திரும்பினால் மட்டும் புஷ்ஷைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

பெல்டையும் பாருங்கள். வருடக்கணக்காக ஒரே படியில் கிடந்த பெல்ட் அந்த வளைவிலேயே இறுகிப்போயிருக்கும். அதுவும் தட்டும். மாற்றுவதானால் பழைய பெல்டில் உள்ள எண்ணைப் படித்து வாங்குங்கள். ஏ 40 என்றால் ஏ பிரிவு, உள்சுற்றளவு 40 அங்குலம்.

ஸ்லீவ் ஏறாததற்கு ஸ்பிரிங். கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் வட்ட மூடிக்குள் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வைத்திருப்பார்கள். தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள்: அந்த மூடியை முழுக்கக் கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். ஸ்லீவை மேலே ஏற்றிப் பூட்டுங்கள். மூடியைக் கட்டிங் பிளேயரால் இறுகப் பிடித்துக்கொண்டு நட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். காடியிலிருந்து மூடி விடுபட்டதும் அது எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே பிடியை விடாமல் மெல்ல மெல்ல விட்டுக்கொடுங்கள். இழுவை முழுக்கத் தீர்ந்த பிறகுதான் நட்டைக் கழற்ற வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

16. கோவைப் பட்டறை

நீங்கள் சொன்னபடியே ஐயா, லோடு வந்ததும் சத்தம் அடங்குகிறது. ஸ்ப்லைனில் பழைய கிரீஸ் தார் மாதிரி காய்ந்து கிடந்தது. கழுவிப் புதுசு வைத்தேன், பெல்டும் மாற்றினேன். இப்போது லேசாக ஒரு தட்டல் மட்டும், அதுவும் கடைசி வேகத்தில்.

மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கின் உள்முனைக் கொக்கி முறிந்திருக்கிறது. ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கிறது, முனை மட்டும் இல்லை. இதே அளவில் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன், கிடைக்கவில்லை.

17. லேத்துக்காரர்

அதே ஸ்பிரிங்கைச் சரிசெய்யலாம். உள்முனையில் ஒரு அங்குலத்தை மட்டும் செஞ்சூடாக்கி, காற்றில் தானாக ஆறவிடுங்கள், தண்ணீரில் முக்கக் கூடாது. ஆறினால் அந்தப் பகுதி மிருதுவாகிவிடும். பழைய கொக்கியின் வடிவத்தில் பிளேயரால் மடியுங்கள். மற்றச் சுருள்களுக்குச் சூடு ஏறாதபடி ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் விறைப்பு போய்விடும். நீளம் ஒரு அங்குலம் குறைவதால் ஒன்றும் ஆகாது, ஏற்றும்போது அரைச் சுற்று அதிகம் முறுக்கினால் சரி.

18. கிரில் கேட் வேலை

நான் பேப்பர் சுத்தற ஆள்னு மேல எழுதியிருந்தேன். ஐயா சொன்னதைப் படிச்சிட்டு எங்க மெஷின் குழியில விரல் விட்டுப் பார்த்தேன், உள்ளே பேப்பர் கருகி ஒட்டிக் கிடக்கு. சுரண்டிட்டு இருக்கேன். நீலம் தேய்ச்சுப் பாக்கறேன்.

இன்னொரு சந்தேகம் ஐயா. 20 மி.மீ. பிட்டு போட்டா ரெண்டு ஓட்டைக்குள்ள நுனி கருகிடுது. மத்த பிட்டெல்லாம் நல்லாத்தான் ஓடுது.

19. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

பெல்ட் எந்தப் படியில் இருக்கிறது? பெல்ட் மாற்றச் சோம்பல்பட்டு 6 மி.மீ.க்கும் 20 மி.மீ.க்கும் ஒரே வேகம் வைக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. மைல்டு ஸ்டீலில் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வையுங்கள். அந்த 25-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் பிட்டின் விட்டத்தாலும் வகுத்தால் சுற்று வரும். 6 மி.மீ.க்கு ஏறக்குறைய 1300, 10-க்கு 800, 20-க்கு 400. நீங்கள் 20 மி.மீ. பிட்டை 10-இன் வேகத்தில் ஓட்டினால் அதன் ஓரம் இரண்டு மடங்கு வேகத்தில் உரசுகிறது, அதனால்தான் கருகுகிறது.

20 போடுவதற்கு முன் 6 மி.மீ.யில் வழி ஓட்டை ஒன்று போடுங்கள். பெரிய பிட்டின் நடுமுனை வெட்டுவதில்லை, நசுக்கித்தான் போகிறது. அந்த வேலை மிச்சமாகும். எண்ணெய் விட மறக்க வேண்டாம். ஆனால் வார்ப்பிரும்பில் காய்ந்தபடியே போடலாம்.

20. மரவேலை ஆர்வலர்

சுருள் கையைக் கிழிக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா?

21. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

கூடாது. சுழலும் ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை, தொங்கும் துண்டு, முழுக்கைச் சட்டையின் திறந்த பட்டன், கையில் கட்டிய கயிறு எதுவுமே கூடாது. கையுறையின் ஒரு நூல் சிக்கினால் போதும், கையை இழுத்துக்கொள்ளும். சுவிட்சை எட்டக்கூட நேரம் இருக்காது. சுருளை மெஷின் நின்ற பிறகு பிரஷ்ஷாலும் கொக்கியாலும் எடுங்கள். ஜாபைக் கையால் பிடிக்காமல் வைஸில் பிடித்து, வைஸை டேபிளில் போல்ட் போடுங்கள். பிட்டு வெளியே துளைக்கும் நேரத்தில்தான் தகடு சுற்றும்.

22. வைண்டிங் கடை

அதோட ஒண்ணு. கோவைப் பட்டறை தம்பி, உங்க மெஷின்ல பழைய திருப்பு சுவிட்ச்தானே? ஓடிக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போகும். நீங்க ஆஃப் பண்ண மறந்துட்டு பிட்டு மாத்திக்கிட்டு இருப்பீங்க. சக் கீ மாட்டியிருக்கும். கரண்ட் வந்ததும் மெஷின் தானா ஓடும். அதை எடுத்துட்டு டிஓஎல் ஸ்டார்ட்டர் போடுங்க. கரண்ட் போனா உள்ளே காயில் விட்டுடும், திரும்ப பச்சை பட்டனை அமுக்கினாத்தான் ஓடும். எர்த் ஒயரையும் மோட்டார் பாடியில மாட்டி செக் பண்ணிக்கங்க.

23. கோவைப் பட்டறை

ஸ்பிரிங் முனையை மடித்து மாட்டிவிட்டேனுங்க. கைப்பிடியை விட்டால் ஸ்லீவ் தானாக மேலே போகிறது. கொஞ்சம் வேகமாகப் போனது, ஒரு காடி குறைத்தேன், சரியாகிவிட்டது. ஸ்டார்ட்டர் நேற்று மாட்டியாயிற்று. எர்த் பழைய ஒயர் மோட்டார் பக்கம் துண்டாகித் தொங்கிக்கொண்டிருந்தது, அதுவும் புதுசு.

கடைசியாக டேபிள். சக்கில் கம்பியை வளைத்து மாட்டி, அதன் நுனியில் லீவர் டயலைக் கட்டி, டேபிளின் மேல் ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்த்தேன். இடது வலதில் 0.05, முன்பின்னில் 0.3. முன்பக்கம் இறங்கியிருக்கிறது. டேபிளைத் தாங்கும் கை தேய்ந்ததா, தூணில் பிடிக்கும் இடம் தளர்ந்ததா என்று தெரியவில்லை.

24. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

வட்டத்தின் விட்டம் எவ்வளவு?

25. கோவைப் பட்டறை

200 மி.மீ. ஐயா.

26. ஓய்வுபெற்ற ஃபிட்டர்

200-க்கு 0.3 என்றால் 20 மி.மீ. ஆழ ஓட்டையில் 0.03 சாய்வுதான். உங்கள் வேலைக்கு இது தடையில்லை. முதலில் தூணில் பிடிக்கும் கிளாம்ப் போல்டை இறுக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள், பாதி அங்கேயே குறையும். மிச்சத்தை வைஸின் முன்பக்க அடியில் ஷிம் தகடு வைத்துச் சரிசெய்யலாம். டேபிளைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டாம்.

அந்தப் பழைய உளியை எடுத்து வைத்துவிட்டு, நல்ல ஆப்பு ஒன்று வாங்கி மெஷின் தூணிலேயே சங்கிலி போட்டு மாட்டுங்கள்.

27. கோவைப் பட்டறை

கிளாம்ப் இறுக்கியதும் 0.14 ஆகிவிட்டதுங்க. ஆப்பு வாங்கியாயிற்று, சங்கிலியும் மாட்டியாயிற்று. ரீமரை நாளைக்குக் காலையில் கொண்டுவந்து தருகிறேன் அண்ணா, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.